இலவசம், சலுகை விலை, முழு விலை: அமெரிக்கப் பள்ளி உணவின் கணக்கு

அமெரிக்காவில் பொதுப்பள்ளிகளை நடத்தும் பொறுப்பு மத்திய அரசிடம் இல்லை. தனி வாரியமும், பெரும்பாலும் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரமும் கொண்ட ‘பள்ளி மாவட்டம்’ என்னும் உள்ளாட்சி அமைப்பே அதை ஏற்றிருக்கிறது. மதிய உணவைச் சமைப்பதும் பரிமாறுவதும் அம்மாவட்டத்தின் வேலையாக இருக்க, அதற்கான மானியத்தின் பெரும்பங்கை வாஷிங்டனில் உள்ள வேளாண் துறை தருகிறது. கல்வித் துறை இருக்க வேளாண் துறை ஏன் தருகிறது என்பதற்கு விடை 1930-களின் பெருமந்தக் காலத்தில் இருக்கிறது. விலை சரிந்து தேங்கிய விளைபொருள்களை உழவர்களிடமிருந்து வாங்கிய அரசு, அவற்றைச் சந்தைக்குத் திரும்ப விடாமல் செலவழிக்கும் வழிகளில் ஒன்றாகப் பள்ளிக்கூடங்களைக் கண்டது. 1946-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டமும், பிள்ளைகளின் உடல்நலத்தோடு உள்நாட்டு வேளாண் பொருள்களின் நுகர்வைப் பெருக்குவதையும் தன் நோக்கமாக வெளிப்படையாகவே அறிவித்தது. (அத்தகைய உபரி விளைபொருளின் ஒரு பகுதி 1960-களில் ‘கேர்’ என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் வழியாகச் சென்னை மாநிலத்தின் மதிய உணவுத் திட்டத்துக்கும் வந்து சேர்ந்தது.)

விளைபொருளைச் செலவழிக்கப் பிறந்த திட்டம் ஏழைப் பிள்ளைகளைத் தேடிச் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. யாருக்கு இலவசமாகத் தருவது என்பதை உள்ளூர் அதிகாரிகளின் விருப்பத்துக்கே சட்டம் விட்டிருந்ததால், வறுமையில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இலவச உணவு பெறவில்லை என்பதைப் பெண்கள் அமைப்புகள் சில இணைந்து 1968-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அம்பலப்படுத்தியது. அதன்பின் 1970-இல் வந்த சட்டத் திருத்தம் நாடு முழுவதற்கும் ஒரே வருமான அளவுகோல் வேண்டும் என்று விதித்ததோடு, இலவசமாக உண்ணும் பிள்ளையைப் பிறர் அடையாளம் காணும்படி நடத்தலாகாது என்றும் கட்டளையிட்டது. இன்றுள்ள விதிப்படி, குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக் கோட்டில் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் உணவு இலவசம்; 185 விழுக்காட்டுக்குள் இருந்தால் சலுகை விலை, அதாவது மதிய உணவுக்கு அதிகபட்சம் 40 சென்ட்; அதற்கு மேற்பட்டோருக்கு முழு விலை.

இந்த மூன்று பிரிவுகளும் ஒன்றுகூடும் இடம் உணவுக்கூடத்தின் கல்லா. தட்டை ஏந்தி வரும் பிள்ளை தன் அடையாள எண்ணைச் சிறு விசைப்பலகையில் அழுத்த, அப்பிள்ளை எந்தப் பிரிவு, கணக்கில் எவ்வளவு மீதம் என்பதைக் காசாளரின் திரை காட்டுகிறது. இரகசியம் காக்கும் ஏற்பாடாக இது காகிதத்தில் குறையற்றது. ஆனால் கணக்கில் பணம் தீர்ந்திருந்தால் பல மாவட்டங்களில் சூடான உணவுத் தட்டு திரும்ப வாங்கப்பட்டு, பதிலுக்கு ஆறிய பாலாடைக்கட்டி சாண்ட்விச் தரப்பட்டது. ஒருமுறை பரிமாறிய உணவை மற்றவருக்குத் தர முடியாதென்பதால் வாங்கிய தட்டு குப்பைத் தொட்டிக்கே சென்றது என்பது இந்த நடைமுறையின் சிக்கனத்தை விளக்கப் போதுமானது. இதில் அகப்பட்டவர்கள் பரம ஏழைகள் அல்லர். வரம்பைச் சற்றே தாண்டிய வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைகளும், குடும்பத்தார் ஒவ்வொருவரின் வருமானத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டிய விண்ணப்பத்தை அச்சத்தாலோ மொழி தெரியாமையாலோ பெற்றோர் திருப்பி அனுப்பாத பிள்ளைகளுமே ஆவர். கடனுக்காகப் பிள்ளையை இவ்வாறு அவமதிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை நியூ மெக்சிகோ மாநிலம் 2017-இல் இயற்றியது.

விண்ணப்பத்தையே ஒழிக்கும் வழி 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருந்து வந்தது. ‘சமூகத் தகுதி ஏற்பாடு’ எனத் தமிழில் சொல்லத்தக்க இம்முறை, ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரிக்காமல், ‘ஸ்நாப்’ என்னும் உணவு உதவித் திட்டம் போன்ற அரசுப் பட்டியல்களில் ஏற்கெனவே உள்ள மாணவர்களையும், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர், வீடற்றோர் ஆகியோரையும் மட்டும் எண்ணுகிறது. மொத்த மாணவர்களில் அவர்களின் விழுக்காட்டை 1.6-ஆல் பெருக்கிக் கிடைக்கும் பங்குக்கு இலவச உணவுக்கான உயர்ந்த மானியமும், எஞ்சியதற்கு மிகக் குறைந்த மானியமும் வழங்கப்படுகின்றன. உணவோ எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம். ஆயிரம் மாணவர்களில் 500 பேர் பட்டியலில் இருக்கும் பள்ளி, பரிமாறும் நூறு உணவில் 80-க்கு உயர்ந்த மானியம் பெறும். எண்ணிக்கை 625-ஐத் தொட்டால் நூற்றுக்கு நூறும் கிடைத்துவிடும். 400 பேர்தான் என்றால் 36 உணவுகளின் பற்றாக்குறையை மாவட்டமே தாங்க வேண்டும். குறைந்தபட்சத் தகுதியான 40 விழுக்காட்டை 2023-இல் 25-ஆகத் தளர்த்திய பின்னும் தகுதியுள்ள மாவட்டங்கள் பல தயங்குவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

அப்போது ஏறத்தாழ 11 இலட்சம் மாணவர்களைக் கொண்டிருந்த, நாட்டிலேயே பெரிய மாவட்டமான நியூயார்க் நகரம் 2017 செப்டம்பரில் அனைவருக்கும் மதிய உணவை இலவசமாக்கியபோது, அதற்கு வழிவிட்டது தாராள மனம் மட்டுமல்ல. மாநில அரசு பட்டியல்களை ஒப்பிடும் முறையைச் செம்மைப்படுத்தியதால், ஏற்கெனவே இருந்த ஏழைப் பிள்ளைகள் கணக்கில் கூடுதலாகத் தென்பட்டனர், மானியமும் உயர்ந்தது.

விண்ணப்பம் மறைந்ததில் ஓர் இழப்பும் உண்டு. எந்தப் பள்ளியில் வறுமை எவ்வளவு என்று அறியவும் கல்வி நிதியைப் பங்கிடவும் மதிய உணவு விண்ணப்பமே பல்லாண்டுகளாக அளவுகோலாக இருந்துவந்தது. அது இல்லாத மாவட்டங்கள் வேறு வருமானப் படிவங்களை நிரப்பித் தருமாறு பெற்றோரை வேண்ட, சோறு கிடைப்பது உறுதியான பின் படிவத்தை நிரப்பப் பலருக்கும் நாட்டமில்லை. இது நிர்வாகத்தின் தலைவலிதான் என்றாலும், பிள்ளைகளைக் கல்லாவில் நிறுத்திப் பிரிப்பதற்கு இது போதிய காரணமாகாது.

பெருந்தொற்றுக் காலத்தில் நாடெங்கும் அளித்த இலவச உணவுச் சலுகை 2022 கோடையில் முடிவுற்றபின், கலிபோர்னியாவும் மேய்னும் தம் சொந்தச் செலவில் அதைத் தொடர, கொலராடோ, மினசோட்டா, மிச்சிகன் முதலிய மாநிலங்கள் பின்பற்றின. நியூயார்க் மாநிலம் 2025-இல் சேர்ந்தது. மற்ற மாநிலங்களின் மாவட்டங்களோ பெருக்கல் கணக்கையே நம்பியிருக்கின்றன. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட மத்திய சட்டம், 14 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் ‘ஸ்நாப்’ உதவிக்கு வேலை நிபந்தனையை விதித்திருக்கிறது. அதனால் குடும்பங்கள் அப்பட்டியலிலிருந்து விலகும்போது, அவர்களின் பிள்ளைகள் பள்ளியின் எண்ணிக்கையிலிருந்தும் விலகுவர். ஒருவர் குறைய, 1.6 பேருக்கான உயர்ந்த மானியம் குறையும்.