தெளித்த மருந்து எங்கே போகிறது?

சுற்றாடல் இயக்கம் என்றதும் மரநடுகையும் ஊர்வலமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இன்றைய இவ்வியக்கத்துக்குப் பெரும் உந்துதல் கொடுத்தது, கமக்காரரின் தெளிகருவியைப் பற்றிய கேள்விதான்.

இரண்டாம் உலகப் போரில் டி.டி.ரி. பேனையும் நுளம்பையும் அழித்துப் பல உயிர்களைக் காத்தது. அதன் ஆற்றலைக் கண்டறிந்த போல் முல்லருக்கு 1948 இல் நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் அது வயலுக்கு வந்தது.

கலிபோர்ணியாவின் கிளியர் ஏரியில் நடந்ததைப் பார்ப்போம். தூண்டில்காரருக்குத் தொல்லை கொடுத்த சிறு பூச்சிகளை ஒழிக்க, டி.டி.ரி.யின் இனமான டி.டி.டி.யை 1949 இல் கலந்தார்கள். 7 கோடி பங்கு நீருக்கு 1 பங்கு மருந்துதான். அதனால் யாருக்கு என்ன கேடு வரும்? பூச்சி மீண்டும் பெருகவே 1954 இலும் 1957 இலும் சற்றுக் கூட்டிக் கலந்தார்கள். ஏரியின் முக்குளிப்பான் பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பில் 10 இலட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரிலிருந்து நுண்ணுயிருக்கும், அதைத் தின்ற மீனுக்கும், மீனைத் தின்ற பறவைக்கும், எளிதில் சிதையாத அந்த நஞ்சு படிப்படியாகச் செறிந்து ஏறியிருந்தது. இன்றைய மருந்துகள் பல அவ்வளவு காலம் தங்குவதில்லை. ஆயினும் தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவினால் அது நம் குடிநீரில்தான் சேரும்.

இத்தகைய செய்திகளைத் திரட்டி, கடலுயிரியலாளர் றேச்சல் கார்சன் 1962 இல் ‘மௌன வசந்தம்’ என்ற நூலை வெளியிட்டார். இரசாயனக் கம்பனிகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. 1963 இல் சனாதிபதி கென்னடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அவர் பக்கம் நியாயம் கண்டது. மறு ஆண்டே அவர் புற்றுநோயால் இறந்தார். 1970 ஏப்ரல் 22 இல், முதலாவது புவி தினத்தில், சுமார் 2 கோடி அமெரிக்கர் திரண்டனர். 1972 இல் அங்கு டி.டி.ரி.யின் பெரும்பாலான பாவனை தடைசெய்யப்பட்டது.

கார்சனால்தான் மலேரியா பெருகியது என்று சொல்வோர் உண்டு. நமது நாட்டு அனுபவம் வேறு. இலங்கையில் 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. நோய் ஒழிந்ததென்று எண்ணித் தெளிப்பை நிறுத்தினார்கள். 1968 - 69 இல் அது இலட்சக்கணக்கானோரைப் பிடித்தது. மீண்டும் தெளித்தபோது நுளம்பு டி.டி.ரி.க்கு ஈடுகொடுக்கத் தொடங்கியிருந்தது. 1970களில் மலத்தியனுக்கு மாறவேண்டியதாயிற்று. கண்டபடி தெளித்தால் பூச்சியே மருந்தை வெல்லும் என்று கார்சன் முன்னரே எழுதியிருந்தார். மருந்தே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. 2001 இன் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையும் டி.டி.ரி.யை வயலிலிருந்து விலக்கி, நோய்பரப்பும் நுளம்பு போன்றவற்றுக்கு எதிராக மட்டும் இடம்விட்டது.