பனி உருகும் மலையில் கொசு

உயர்ந்த, குளிர்ந்த மலைகளில் கொசு இராது என்ற பொதுவான எண்ணம், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள சியரா நெவாடா மலைத்தொடரில் ஜூலை மாதம் நடந்து செல்வோரிடம் ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் நிலைப்பதில்லை. யோசெமிட்டி பள்ளத்தாக்கிலிருந்து 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரம் வரை சுமார் 340 கிலோமீட்டர் நீளும் ஜான் மியூர் பாதையில், உணவு, கூடாரம், படுக்கை அனைத்தையும் முதுகில் சுமந்து பல நாட்கள் நடப்போருக்கு, புல்வெளிகள் பச்சையாகவும் ஓடைகள் நிறைந்தும் இருக்கும் அந்த அழகிய வாரங்களே கொசுத் தொல்லையின் உச்சமாகவும் அமைகின்றன. அழகும் தொல்லையும் சேர்ந்து வருவதற்குக் காரணம் ஒன்றுதான்: உருகும் பனி.

இம்மலைக் கொசுக்களில் பெரும்பாலானவை ஏடிஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை; தமிழகத்து ஊர்களில் தண்ணீர்த் தொட்டியிலும் பழைய டயரிலும் பெருகி டெங்குவைப் பரப்பும் கொசுவும் இதே பேரினத்ததே. இப்பேரினத்தின் சிறப்பு, முட்டையை நீரின்மேல் இடாமல் நீர் வற்றிய ஈரமண்ணிலோ நீர்மட்டத்தின் விளிம்பிலோ இடுவதும், அம்முட்டை மாதக்கணக்கில் நீரின்றிக் கிடந்தாலும் உயிர்ப்புடன் இருப்பதும் ஆகும். சியராவில் கோடையில் புல்வெளிப் பள்ளங்களில் இடப்படும் முட்டைகள் குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் கிடந்து, அடுத்த கோடையில் பனி உருகித் தேங்கும் குளிர்நீரில் பொரிந்து, புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வளர்ந்து, சில வாரங்களில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொசுக்களாகக் கிளம்புகின்றன. இவற்றுள் பல ஆண்டுக்கு ஒரு தலைமுறை மட்டுமே பெருகுபவை என்பதால், நகரத்துக் கொசுவைப்போல் ஆண்டு முழுதும் பரவாமல், அத்தனையும் சில வாரங்களுக்குள் நெருக்கப்பட்டு வருகின்றன. ஆழமான, மீன்கள் உலவும், காற்றில் அலையெழும் பெரிய ஏரிகள் இவற்றின் பிறப்பிடமல்ல. ஒரு காலடி ஆழமும் இல்லாத புல்வெளிக் குட்டைகளே பிறப்பிடம்.

ஆகவே முதல் தற்காப்பு, நாள்காட்டியில் இருக்கிறது. பனி தாழ்ந்த இடங்களில் முதலிலும் உயர்ந்த இடங்களில் பின்னரும் உருகுவதால் கொசுப்பருவமும் மலையேறிச் செல்கிறது; ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்திலுள்ள யோசெமிட்டியின் டுவாலமி புல்வெளியில் தொல்லை தணியத் தொடங்கும்போது அதைவிட உயர்ந்த பள்ளங்களில் அது உச்சத்தில் இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பருவம் பெரிதும் நகர்கிறது. 2015 ஏப்ரல் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பனிச்சேமிப்பு வழக்கமான அளவில் 5 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. 2023இல் அது வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்து, மலையைக் குறுக்கே கடக்கும் டியோகா சாலை ஜூலை 22 அன்றுதான் திறக்கப்பட்டது. சிக்கல் என்னவென்றால், யோசெமிட்டி வனப்பகுதியில் தங்குவதற்கான அனுமதிச்சீட்டுகளில் பெரும்பகுதியைக் குலுக்கல் முறையில் 24 வாரங்களுக்கு முன்பே கோர வேண்டியிருப்பதால், ஜூலைப் பயணத்துக்கு விண்ணப்பிப்பவர் அவ்வாண்டின் பனி எவ்வளவு என்று தெரியுமுன்னரே நாளைக் குறிக்க நேர்கிறது. தேதியை விருப்பம்போல் தெரிவு செய்ய முடிந்தவர்கள் ஆகஸ்ட் பிற்பகுதியையோ செப்டம்பர் முற்பகுதியையோ எடுத்துக்கொள்வதே நன்று. அப்போது பூக்கள் குறைந்திருக்கும், ஆனால் மாலையில் வெளியே அமர்ந்து உண்ண முடியும்.

இரண்டாவது தற்காப்பு இடத்தேர்வு. முட்டை வளர்ப்பதற்காக இரத்தம் தேடும் பெண்கொசு, மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவைத் தொலைவிலிருந்தே உணர்ந்து, நெருங்கியபின் உடலின் வெப்பத்தையும் வியர்வை மணத்தையும் பற்றிக்கொண்டு வருகிறது. காற்று வீசும் இடத்தில் அந்த மணம் சிதறிவிடுவதோடு, பறக்கும் வலிமை குறைந்த கொசுவால் நிலைகொள்ளவும் முடிவதில்லை. நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியே கூடாரமடிக்க வேண்டும் என்ற யோசெமிட்டி விதி நீரின் தூய்மைக்காக ஏற்பட்டது. நடப்பவரின் தோலுக்கும் அது நன்மை செய்கிறது. புல்வெளியின் ஓரத்தை விட்டுக் காற்றுப்படும் பாறைமேட்டில் தங்குவோரும், மாலை நான்கு, ஐந்து மணிக்கே காற்றுள்ள இடத்தில் சமைத்து உண்டுவிட்டு, மேலும் சிறிது தொலைவு நடந்து கூடாரமடித்தவுடன் உள்ளே புகுந்துகொள்வோரும் தொல்லையின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடுகின்றனர். புகைமூட்டத்தை நம்பிச் செல்வது பயன்படாது. யோசெமிட்டியில் ஏறத்தாழ 2,900 மீட்டருக்கு மேல் தீ மூட்டவே தடை உள்ளது.

உடையைப் பொறுத்தவரை, உடலோடு ஒட்டிய மெல்லிய பின்னலாடை பாதுகாப்பு ஆகாது. கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள் இருக்கும் ஆறு நுண்ணூசிகள் அந்த ஆடையின் கண்ணிகளின் வழியே எளிதில் புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த, தளர்வான, வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் முழுக்காற்சட்டையுமே ஏற்றவை. தலையை மூடும் வலையை அகன்ற விளிம்புள்ள தொப்பியின்மேல் அணிய வேண்டும். விளிம்பு இல்லாவிட்டால் வலை கன்னத்திலும் காதிலும் படிந்து, பட்ட இடத்தில் கொசு கடித்துவிடும். கருநிற வலையின் வழியே வெண்ணிற வலையைவிடத் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

பூச்சு மருந்துகளில் மிகப் பழகியது டீட். அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக உருவாகி 1946இல் படையினருக்கும் 1957இல் பொதுமக்களுக்கும் வந்தது. இது கொசுவைக் கொல்வதில்லை, அண்டவிடாமல் செய்கிறது. 20 முதல் 30 சதவீதச் செறிவு பல மணிநேரம் காக்கும். 50 சதவீதத்துக்கு மேல் சென்றால் காலம் குறிப்பிடத்தக்க அளவில் நீள்வதில்லை. ஆனால் டீட் சிலவகை நெகிழியைக் கரைக்கும் இயல்புடையது. பூசிய விரல்களோடு கைக்கடிகாரத்தின் முகப்பையோ மூக்குக்கண்ணாடியின் சட்டத்தையோ தொட்டால் விரல்தடம் அழியாமல் பதிந்துவிடலாம். ஏறத்தாழ அதே திறனுள்ள பிகாரிடின் என்னும் பூச்சுக்கு இக்குறையும் அவ்வளவு மணமும் இல்லை என்பதால், முதுகுப்பைப் பயணத்துக்கு அதுவே மேல். சன்ஸ்கிரீனும் பூசுவோர் அதை முதலிலும் கொசு விரட்டியைப் பின்னரும் பூச வேண்டும். மீயொலிக் கருவிகளும் வைட்டமின் மாத்திரைகளும் கொசுவை விரட்டுவதாக நிறுவப்படவில்லை.

பெர்மெத்ரின் வேறுவகை. சாமந்திக் குடும்பப் பூவொன்றின் இயற்கைப் பூச்சிக்கொல்லியை முன்மாதிரியாகக் கொண்டு 1973இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட இந்த மருந்தைத் தோலில் பூசக்கூடாது. உடையில் தெளித்து நன்றாக உலர்த்தியபின் அணிய வேண்டும். உடையில் அமரும் கொசுவின் நரம்புகளை அது தாக்குகிறது. ஈரமாக இருக்கும்போது பூனைகளுக்கு நஞ்சாகும் என்பதால், தெளிக்கும் வேலையை வீட்டில் அவை அண்டாத இடத்தில் செய்வது அவசியம்.

மீன்களுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் பெர்மெத்ரின் கடும் நஞ்சு. சியராவின் ஏரிகளில் வாழும் மஞ்சள்கால் தவளை 2014 முதல் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாகச் சட்டப்பாதுகாப்புப் பெற்றது. தவளை, தோலின் வழியே நீரை உறிஞ்சும் உயிர். எனவே மருந்திட்ட உடையை ஏரியிலோ ஓடையிலோ அலசுவதும், பூச்சோடு நீரில் இறங்கிக் குளிப்பதும் கூடவே கூடாது. பாத்திரத்தில் நீரை முகந்து, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிச் சென்று உடலைக் கழுவிய பிறகே மலைநடைப் பயணிகள் ஏரியில் இறங்க வேண்டும்.