வட்டத்தில் பழகும் குதிரை

வளர்ந்த குதிரை ஒன்றின் எடை 450 கிலோ அளவில் இருக்கும். அது மிதித்தால் கால்விரல் எலும்பு நொறுங்கும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால் ஆள் லாயத்துச் சுவரோடு நசுங்கிவிடுவார். குதிரை மீதிருந்து விழுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் உடம்பு தேய்க்கும்போதும், தீனி வைக்கும்போதும், லாடம் அடிக்கும்போதும் கீழே நிற்பவர்கள் படும் காயங்களும் ஏராளம். அதனால் சேணம் ஏறுவதற்கு முன்பே குதிரைக்குச் சில பழக்கங்கள் வந்தாக வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும். பிடித்து நடத்துபவரை இடிக்கவோ முந்தவோ கூடாது. விலகச் சொன்னால் ஒதுங்க வேண்டும். கேட்டால் குளம்பைத் தூக்கித் தர வேண்டும்.

இந்தத் தரைப் பழக்கங்களைப் படியவைக்கும் வழிகளில் ஒன்று ‘லன்ஜிங்’. நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பயிற்சியாளர் பிடித்திருக்க, மறுமுனையில் குதிரை அவரைச் சுற்றி வட்டமடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரையை ஓடவிட்டுக் களைப்பாக்குவதுபோலத் தெரியும். உண்மையில் அங்கே நடப்பது ஒரு பாடம்.

கயிறும் சாட்டையும்

கயிறு ஏழெட்டு மீட்டர் நீளம். அதை வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்பில் மாட்டாமல், ‘கேவசன்’ என்னும் மூக்குப்பட்டையின் வளையத்தில் கோப்பது நல்லது. இழுபட்டாலும் வாய் புண்ணாகாது. குதிரை இடப்பக்கமாகச் சுற்றும்போது கயிறு இடது கையில், நீண்ட சாட்டை வலது கையில். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடிப்பு மடிப்பாக அடுக்கி, கையுறை போட்டுப் பிடிக்க வேண்டும். மிரண்ட குதிரை பாய்ந்தால், சுற்றிய கயிறு இறுகி விரலே துண்டாகிவிடும்.

சாட்டை இங்கே அடிக்கும் கருவி ஆகாது. நீட்டிய கைபோல வழிகாட்டும். அதன் நுனி குதிரையின் பின்னங்காலை நோக்கினால் ‘முன்னே போ’ என்று பொருள். தோளை நோக்கினால் ‘உள்ளே வராதே’. பயிற்சியாளர் குதிரையின் தோளுக்கு முன்பக்கமாக ஓரடி நகர்ந்தாலே அது வேகத்தைக் குறைக்கும். தலையின் இருபுறமும் கண்கள் அமைந்திருப்பதால் குதிரையால் ஏறக்குறைய 350 டிகிரி வரை பார்க்க முடிகிறது. மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் மறைவு. எனவே வட்டத்தின் நடுவில் நிற்பவரின் ஒவ்வொரு அசைவும் அதன் பார்வையில் விழுந்துகொண்டே இருக்கும். உள்பக்கக் காது அவரை நோக்கித் திரும்பியிருந்தால் கவனம் அவரிடம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

குதிரை எவ்வளவு நுட்பமாக மனிதரைப் படிக்கும் என்பதற்குப் பெர்லினின் ‘ஹான்ஸ்’ சாட்சி. கணக்குப் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொல்லும் குதிரை என்று அது புகழ்பெற்றது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை அவரை அறியாமலே மிக லேசாக நிமிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், அவரைக் குதிரையால் பார்க்க முடியாதபோதும் விடைகள் தவறின. நடுவில் நிற்பவரின் தடுமாற்றமும் கோபமும் குதிரைக்குத் தெரியாமல் போகும் என்று நினைப்பது வீண்.

பாடம் பதியும் நொடி

பயிற்சியின் அறிவியல் எளிமையானது. சாட்டையை உயர்த்துவதும் கயிற்றை இறுக்குவதும் குதிரைக்குச் சிறு அழுத்தம். அது சரியானதைச் செய்த அந்த நொடியே சாட்டை தாழ வேண்டும், கயிறு தளர வேண்டும். அழுத்தம் விலகியது எதனால் என்பதைத்தான் குதிரை நினைவில் வைக்கிறது. உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் வகுத்த கற்றல் கோட்பாட்டில் இதற்கு ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்று பெயர்.

இதில் ஒரு கத்தி முனை இருக்கிறது. குதிரை பின்னங்காலை உதறியதும் பயந்து சாட்டையைத் தாழ்த்தினால், உதைத்தால் விடுதலை கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் ஆகிறோம். அது கீழ்ப்படிந்த பிறகும் சாட்டையை ஆட்டிக்கொண்டே இருந்தால், கீழ்ப்படிந்தும் பயனில்லை என்று அது முடிவு கட்டும். பிறகு சைகைகளையே பொருட்படுத்தாது.

களைக்கும்வரை ஓட்டுவதும் பயன் தராது. தினமும் ஓடினால் தசையும் மூச்சும் வலுப்பெறும். அடுத்த மாதம் அதே குதிரையைக் களைப்பாக்க இன்னும் நெடுநேரம் ஓட்ட வேண்டியிருக்கும். அடக்கம் மட்டும் வந்திருக்காது.

பொம்மைக் கார் சொன்ன சேதி

மந்தைத் தலைவனுக்குக் குதிரை பணிவதுபோல மனிதனுக்கும் பணிகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் அதைச் சோதித்தார்கள். வட்டத் தொழுவத்தில் மனிதருக்குப் பதில் ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரை விட்டார்கள். குதிரை விலகினால் கார் துரத்தும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். சீக்கிரமே குதிரைகள் காரை நோக்கித் திரும்பவும் அதை நெருங்கவும் கற்றுக்கொண்டன. காரைத் தலைவனாக ஏற்றுக்கொண்டன என்று யாரும் சொல்ல முடியாது. தொல்லை நிற்கும் இடம் எதுவென்று கண்டுபிடித்தன, அவ்வளவுதான்.

குதிரை நாக்கைச் சப்பி, வாயை மென்றால் பணிந்துவிட்டது என்று சொல்வதும் வழக்கம். பதற்றத்திலிருந்து தளர்வுக்கு மாறும்போது இது நிகழ்வதைத் திறந்தவெளியில் திரியும் குதிரைகளிடம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வட்டத்தில் ஓடும் குதிரை வாயை மென்றால், சற்று முன்புவரை அது பதற்றத்தில் இருந்தது என்றே எடுத்துக்கொண்டு, அதனிடம் எதிர்பார்ப்பதைக் குறைக்க வேண்டும்.

சாய்வின் கணக்கு

வட்டத்தில் ஓடும் உடல் உள்நோக்கிச் சாய வேண்டும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடும் குதிரை, 8 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இயற்பியல் கணக்குப்படி ஏறக்குறைய 12 டிகிரி சாயும். ஆரத்தை 4 மீட்டராகக் குறைத்தால் சாய்வு 22 டிகிரி. வேகம் கூடினால் இன்னும் அதிகம். அந்தச் சாய்வில் மூட்டுகளும் தசைநாண்களும் ஒரு பக்கமாகத் திருகப்படுகின்றன. எலும்பு முதிராத இளங்குதிரைக்கு இது பெரும் கேடு. ஆகவே வட்டம் பெரிதாக இருக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது, இரு திசையிலும் சமமாகச் சுற்ற வேண்டும், கால் மணி நேரம் இருபது நிமிடத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

குதிரையின் உடலைப் போலவே மனத்தையும் பார்க்க வேண்டும். கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்கத்தின் செனஃபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே குதிரையேற்றம் பற்றிய தம் நூலில் அறிவுறுத்தினார். வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் இந்தக் கயிறு சவாரி கற்பவரையும் விடுவதில்லை. லன்ஜிங் கயிற்றில் சுற்றும் குதிரை மேல் அங்கவடியும் லகானும் இல்லாமல் நெடுநாள் அமர்ந்து பழகிய பிறகே மாணவர் தனியே சவாரி செய்யலாம்.

குதிரை காட்டும் மரியாதை என்பது, இந்த மனிதரின் சைகை தெளிவானது, அதற்கு உடன்பட்டால் உடனே நிம்மதி கிடைக்கும் என்ற அதன் நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கும் பொறுப்பு கயிற்றைப் பிடித்திருப்பவருடையது. பிள்ளையைக் குதிரையேற்றப் பள்ளியில் சேர்க்க நினைப்பவர்கள் சவாரியைப் பார்ப்பதற்கு முன் லன்ஜிங்கைப் பாருங்கள். குதிரை இணங்கியதும் சாட்டை தாழ்கிறதா என்று கவனியுங்கள். தாழவில்லை என்றால் வேறு பள்ளி தேடுங்கள்.