பரணில் கிடைத்த துப்பாக்கி

சென்ற கோடை விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது, காலஞ்சென்ற பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பட்டுத் துணியில் சுற்றிய கைத்துப்பாக்கி ஒன்று அதில் இருந்தது. எங்களில் எவரும் திகைக்கவில்லை. 'வாஞ்சி காலத்துத் துப்பாக்கி' ஒன்று நம் வீட்டில் உண்டென்று தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். திருநெல்வேலிச் சீமையில் அத்தகைய பெருமையை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் நானோ சரித்திரம் போதிக்கும் உபாத்தியாயன். அது மெய்யான ஆயுதமாயின், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றி வைத்திருப்பதே குற்றம். இல்லையெனில், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லி வருவது பொய். இரண்டில் ஒன்று தெரிந்தாக வேண்டும்.

இத்தகைய பொருள் கிடைத்தால், குண்டு நிரம்பியதென்றே முதலில் கருத வேண்டும். விசையில் விரல் படலாகாது. குழாயின் வாய் எவர் பக்கமும் திரும்பலாகாது. குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, டார்ச் விளக்கொளியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். குழாயின் வாயில் சிறு பள்ளம்தான் இருந்தது. அதற்கப்பால் கெட்டி உலோகம். தோட்டா உருளை போல் தோன்றியதும் வெறும் வார்ப்பு. அது சுழலவில்லை, அதில் துவாரமும் இல்லை.

1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால். அதற்கு உருளையே கிடையாது. தோட்டாக்கள் கைப்பிடிக்குள் அடுக்கப்பட்டிருக்கும். அப்போதே என் பெருமை பாதி கரைந்துவிட்டது.

எங்கள் துப்பாக்கி இரண்டு பாதிகளாக வார்த்து ஆணி அறைந்து இணைக்கப்பட்டது. சுத்தியல் விழும் இடத்தில் சிறு மேடை. தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்து அடித்த எவருக்கும் அந்த மேடையின் உபயோகம் விளங்கும். காகித மடிப்புக்குள் இருக்கும் துளி மருந்து அடிபட்டு ஓசை எழுப்பும், அவ்வளவே.

வயதை அறியக் காந்தம் உதவியது. அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் 1865-ல் முடிந்தபின் பரவிய இத்தகைய விளையாட்டுத் துப்பாக்கிகள் நெடுங்காலம் வார்ப்பிரும்பால் ஆனவை. காந்தம் அவற்றைப் பற்றும். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிறகு துத்தநாகக் கலப்பு உலோகம் பெரும்பாலும் அவ்விடத்தைப் பிடித்தது. அதில் காந்தம் ஒட்டாது. எங்களுடையதில் ஒட்டவில்லை. கைப்பிடியின் ஓரத்தில் தேய்ந்திருந்த எழுத்துக்களைப் பூதக்கண்ணாடியில் படித்தேன்: 'லோன் ஸ்டார்', 'மேட் இன் இங்லண்ட்'. 1950-களில் இவ்வகைத் துப்பாக்கிகளை ஏராளமாகச் செய்த ஆங்கிலக் கம்பெனியின் முத்திரை அது.

எண்பது கடந்த அத்தையிடம் தயக்கத்துடன் இதைச் சொன்னேன். அத்தை துப்பாக்கியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுமடா. பினாங்கிலிருந்து சித்தப்பா அனுப்பினார், என் தம்பிக்கு. அந்தத் தீபாவளி வருமுன்பே ஜுரத்தில் போய்விட்டான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அப்புறம் அம்மா எதிரில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. 'இது யாருடையது?' என்று குழந்தைகள் கேட்டால், வாஞ்சி காலத்தது என்று அப்பா முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்."

அந்தப் பெரியப்பாவின் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். சுத்தியலைத் தூக்கி மேடையைப் பார்த்தேன். மருந்தின் கரி சிறிதும் அதில் படிந்திருக்கவில்லை.