பொன் தாதுவுக்கு எந்த ஆலை?

பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிப் பள்ளத்தாக்கில், கோட்டத்தறைப் பகுதியில், பொன் பொதிந்த குவார்ட்ஸ் நரம்புகள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்துள்ளது. இத்தகைய பாறையிலுள்ள நுண்ணிய பொன்னைச் சயனைடுக் கரைசல் தீண்ட வேண்டுமாயின், பாறையைப் பெரும்பாலும் 75 மைக்ரான் அளவுக்கு மாவாக்க வேண்டும். தாதுவைப் பதப்படுத்தும் மின்செலவில் பெரும்பங்கு இவ்வரவைக்கே செல்கிறது. ஆகவே எந்த வகை ஆலை என்பது முதலிலேயே எழும் வினாவாகும்.

பழைய முறை உலக்கை ஆலை. கனத்த இரும்பு உலக்கைகள் வரிசையாக எழுந்து விழுந்து பாறையை இடிக்கும். 1880ஆம் ஆண்டையொட்டி எழுந்த பொன் வேட்டையின்போது பந்தலூர், தேவாலா மலைகளில் ஆங்கிலக் கம்பெனிகள் இவற்றை நிறுவின. தாதுவின் அளவும் தரமும் உறுதிப்படுமுன்பே ஆலைகள் வந்து இறங்கின. சில ஆண்டுகளில் கம்பெனிகள் நொடித்தன. இயந்திரத்தின் மீது குறை கூறுவதற்கில்லை. அதே வகை ஆலைகள் கோலாரில் நன்கு உழைத்தன.

அடுத்து வந்தது குண்டு ஆலை. சுழலும் உருளைக்குள் எஃகுக் குண்டுகள் ஏறக்குறைய 30 முதல் 40 விழுக்காடு இடத்தை நிரப்பும். குண்டுகள் மேலேறிப் புரண்டு விழும்போது தாது அரைபடுகிறது. வேகம் மிகுந்தால் பயனில்லை: 4 மீட்டர் விட்டமுள்ள ஆலை நிமிடத்திற்குச் சுமார் 21 முறை சுழன்றால், குண்டுகள் சுவரோடு ஒட்டியே சுற்றிவரும். எனவே அவ்வேகத்தின் முக்கால் பங்களவிலேயே இயக்குவர். தாதுவை முன்கூட்டியே ஓரிரு சென்டிமீட்டருக்கு நொறுக்கித் தருவதும் இன்றியமையாதது.

இந்த நொறுக்கும் வேலையைப் பெரிதும் குறைப்பது அரைத் தன்னரவை ஆலை. தலையளவுக் கற்களும் இதனுள் செல்லும். கல்லே கல்லை அரைக்கும். குண்டுகள் 8 முதல் 15 விழுக்காடு போதும். அமெரிக்க வடிவம் அகன்று குட்டையாக இருக்கும். தென்னாப்பிரிக்க வடிவம் நீண்டிருக்கும், குண்டும் மிகுதி. ஆஸ்திரேலியாவின் கேடியா சுரங்கத்தில் 1998இல் இயங்கத் தொடங்கிய ஆலையின் விட்டம் 40 அடி. மோட்டாரின் திறன் 20 மெகாவாட். ஆனால் பாறையின் கடினம் மாறுந்தோறும் இதன் உற்பத்தியும் ஏறி இறங்கும். நாளொன்றுக்குப் பல்லாயிரம் டன் தாது கிடைக்கும் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கே இது பெரிதும் பொருந்தும்.

குறுகிய நரம்புகளிலிருந்து அவ்வளவு தாது வாராது. அட்டப்பாடியில் எப்போதேனும் சுரங்கம் அமையுமாயின், நொறுக்கியும் நடுத்தரக் குண்டு ஆலையுமே ஏற்றவை என்பது எம் கருத்து. பருமனான பொன் அரைக்க அரைக்கத் தகடாய் நசுங்குமேயன்றி எளிதில் பொடியாகாது. அதனை ஆலைச் சுற்றிலேயே எடையால் பிரித்தெடுத்துவிடலாம்.

எந்த ஆலையானாலும் கழிவு குறைவதில்லை. டன்னுக்கு 10 கிராம் பொன் கிடைத்தால், எஞ்சும் 9,99,990 கிராமும் நுண்சேறாகும். 2001இல் மூடப்பட்ட கோலார் வயலில் அத்தகைய மேடுகள் இன்றும் நிற்கின்றன. காற்றில் அவற்றின் தூசி ஊருக்குள் பறக்கிறது. அட்டப்பாடியின் ஆற்றுநீரோ பவானியாகத் தமிழகத்திற்குள் பாய்ந்து பவானிசாகரை அடைகிறது. அங்கு வாழும் இருளர், முடுகர், குறும்பர் மக்களின் நிலமும் அந்நீரையே அடுத்துள்ளது. ஆலையின் வரைபடத்தோடு கழிவுத் தேக்கத்தின் வரைபடமும் ஒரே நாளில் அதிகாரியின் மேசைக்கு வரவேண்டும்.