கம்பியில்லா இணைப்பை அளந்தறிவோம்

தந்திக்குக் கம்பி வேண்டும், தொலைபேசிக்குக் கம்பி வேண்டும் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இன்று வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதிலிருந்து கம்பி எதுவுமின்றிக் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் பாடமும் படமும் செய்தியும் வந்து சேருகின்றன. இதைத்தான் 'வைஃபை' என்கிறோம். வானொலி அலைகளை அனுப்பியும் பெற்றும் நம்மை இணையத்தோடு சேர்த்து வைக்கும் கருவிக்கு 'அக்ஸஸ் பாயிண்ட்' என்று பெயர். தமிழில் இதை இணைப்பு முனை எனலாம். நம் வீட்டு ரூட்டருக்குள்ளும் இது அடங்கியிருக்கிறது.

2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இப்பெட்டியே பல வீடுகளில் வகுப்பறையாயிற்று. "கூடத்தில் பாடம் நன்றாகக் கேட்கிறது, உள்ளறைக்குப் போனால் நின்று நின்று வருகிறது" என்ற குறையும் அப்போதே எழுந்தது. இதற்குப் பலரும் தேடும் மருந்து, இன்னும் அதிகத் திறனுள்ள பெட்டியை விலைகொடுத்து வாங்குவதாகும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து வாங்கலாமா? முதலில் அளந்து பார்க்க வேண்டாமா? அவ்வாறு அளக்கும் முறையைக் காண்போம்.

தோன்றிய கதை

1971-ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் தீவுகளுக்கிடையே வானொலி அலைகளால் கணிப்பொறிகளை இணைத்தனர். அவ்வமைப்பின் பெயர் 'அலோகாநெட்'. ஒரே அலைவரிசையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதை அது செய்து காட்டியது. 1985-இல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இன்றிப் பயன்படுத்த வழிசெய்தது. 1997-இல் வெளியான முதல் வைஃபை விதிமுறையின் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999-இல் அது 11 ஆகவும், 2003-இல் 54 ஆகவும் உயர்ந்தது. இன்றோ ஆயிரத்தையும் தாண்டிய எண்களைப் பெட்டியின் மேலட்டையில் காண்கிறோம்.

அட்டையில் உள்ள வேகமும் கையில் வரும் வேகமும்

54 மெகாபிட் என்று எழுதிய பெட்டியில் உண்மையாகக் கிடைத்தது இருபதுக்குச் சற்று மேற்பட்ட மெகாபிட்தான். எஞ்சியது எங்கே போயிற்று?

ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். நாற்பது மாணவியரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் விளங்காது. ஒருத்தி பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். பேசி முடித்ததும் "கேட்டேன்" என்று மறுமொழி வரவேண்டும். வராவிட்டால் மீண்டும் சொல்ல வேண்டும். வைஃபையும் இப்படித்தான். ஓர் அலைவரிசையில் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசும். காத்திருத்தலும் மறுமொழியும் நேரத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தொலைவில் இருந்து மெதுவாகப் பேசும் கருவி ஒன்று இருந்தால், அது மற்றவர்களின் நேரத்தையும் சேர்த்தே உண்டுவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. வேகத்தை மெகாபிட்டில் சொல்வர். கோப்பின் அளவையோ மெகாபைட்டில் சொல்வர். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே விநாடிக்கு 80 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் விநாடிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் எதிர்பார்க்கலாகாது.

வேகத்தைச் சோதிக்கும் முறை

இணையத்தில் உள்ள வேகச் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பது பலருடைய வழக்கம். அது நம் அறையிலிருந்து தொலைதூரக் கணிப்பொறி வரையுள்ள முழுப் பாதையையும் சேர்த்தே அளக்கிறது. குறை வீட்டிலா, வெளியிலா என்று அது பிரித்துக் காட்டாது. இணைப்பு முனையை மட்டும் சோதிக்க வேண்டுமானால் இரண்டு கணிப்பொறிகள் தேவை. ஒன்றைக் கம்பியால் பெட்டியோடு நேரே இணைக்க வேண்டும். மற்றதை வைஃபை வழியே இணைக்க வேண்டும். பிறகு 'ஐபெர்ஃப்' என்னும் இலவச மென்பொருளால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தரவுகளை அனுப்பி வேகத்தைக் காணலாம்.

இதில் நினைவிற்கொள்ள வேண்டியவை சில:

1. ஒவ்வொரு சோதனையும் ஒரு நிமிடமாவது நடைபெற வேண்டும். மூன்று முறை செய்து நடுவான அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கும், கணிப்பொறியிலிருந்து பெட்டிக்கும் என இரு திசைகளிலும் அளக்க வேண்டும்.
3. 2 மீட்டர், 10 மீட்டர், ஒரு சுவருக்கு அப்பால், இரு சுவர்களுக்கு அப்பால் என இடம் மாற்றி அளந்து அட்டவணை போட வேண்டும்.
4. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். இடத்தையும் அலைவரிசையையும் ஒன்றாக மாற்றினால் எதனால் மாற்றம் வந்தது என்று தெரியாது.

அலைபரப்புத் திறனை அளத்தல்

பெட்டி வெளியிடும் திறன் மிகச் சிறியது. அதை மில்லிவாட்டில் அளப்பர். பொறியாளர்கள் டி.பி.எம். என்ற அளவையையும் வழங்குவர். 1 மில்லிவாட் என்பது 0 டி.பி.எம். திறன் பத்து மடங்கானால் 10 கூடும். இரு மடங்கானால் ஏறத்தாழ 3 கூடும். ஆகவே 100 மில்லிவாட் என்பது 20 டி.பி.எம். ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் ஒரு கேபிளைப் பொருத்தித் திறன்மானியோடு இணைப்பர். நேரே இணைத்தால் மானி பழுதாகலாம். ஆதலால் இடையில் சமிக்ஞையைத் தணிக்கும் 'அட்டெனுவேட்டர்' ஒன்றை வைப்பர். மானி –12 டி.பி.எம். காட்டுகிறது என்று கொள்வோம். தணிப்பு 30 டெசிபெல், கேபிளில் இழப்பு 2 டெசிபெல் என்றால், இரண்டையும் கூட்ட வேண்டும். –12 + 30 + 2 = 20 டி.பி.எம். அதாவது 100 மில்லிவாட். அலையை ஒரு திசையில் குவிக்கும் ஆன்டெனா அதில் மேலும் 3 டெசிபெல் சேர்த்தால், அத்திசையில் 200 மில்லிவாட் போலத் தோன்றும்.

மானி இல்லாத நாம் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பேசிக்கு வந்து சேரும் சமிக்ஞையின் அளவைக் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. –50 டி.பி.எம். என்றால் மிக நன்று. –67 அளவில் பாடமும் பேச்சும் தடையின்றி நடக்கும். –80 என்றால் இணைப்பு தள்ளாடும். கைப்பேசியை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, பெட்டியின் அமைப்பில் திறனைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். எண் ஏறத்தாழ 3 குறைந்தால் பெட்டி சொன்ன சொல்லைக் காக்கிறது என்று அறியலாம்.

உரக்கக் கத்தினால் போதுமா?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். திறனைக் கூட்டினால் வேகம் கூடுமா? ஓரளவுக்குக் கூடும், ஆயினும் நாம் எண்ணும் அளவுக்கு அன்று. காரணங்கள் மூன்று.

முதலாவது, அலை பரவும் இயல்பு. திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் வந்து சேரும் திறன் நான்கில் ஒன்றாகிவிடும். எனவே திறனை இரட்டிப்பாக்கினாலும் அலை எட்டும் தொலைவு 1.4 மடங்கே ஆகிறது. கான்கிரீட் சுவர் ஒன்றே 10 டெசிபெல்லையும் அதற்கு மேலும் விழுங்கிவிடக் கூடும். அவ்வளவு இழந்தால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்.

இரண்டாவது, உரையாடலுக்கு இருவர் வேண்டும். பெட்டியின் குரலை நாம் உயர்த்தலாம். சின்னஞ்சிறு பேட்டரியில் இயங்கும் கைப்பேசியின் குரலை உயர்த்த முடியாது. பெட்டி சொல்வது கைப்பேசிக்குக் கேட்கும். அது சொல்லும் "கேட்டேன்" என்ற மறுமொழியோ பெட்டிக்குக் கேட்காது. கைப்பேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் பாடம் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது, கத்தினால் குரல் உடையும். அதிவேகத்தில் ஒவ்வோர் அலையிலும் மிக நுண்ணிய வேறுபாடுகளாகச் செய்தி பதியப்படுகிறது. பெருக்கியை அதன் எல்லைக்குத் தள்ளினால் அவ்வேறுபாடுகள் சிதைந்துவிடும். அதனால்தான் நல்ல பெட்டிகள் மெதுவான வேகத்தில் அதிகத் திறனோடும், மிக உயர்ந்த வேகத்தில் குறைந்த திறனோடும் பேசும்படி அமைக்கப்பட்டுள்ளன.

சட்டமும் எல்லை வகுக்கிறது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு ஆன்டெனாவையும் சேர்த்து எல்லை 100 மில்லிவாட். இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு அரசு அறிவிக்கை, 1 வாட் வரை, ஆன்டெனாவையும் சேர்த்தால் 4 வாட் வரை, உரிமம் இன்றிப் பயன்படுத்த இடமளித்தது. நம் பெட்டி எழுப்பும் கூச்சல் அயல் வீட்டின் பாடத்தைக் கெடுக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எது நல்ல மருந்து?

பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைக்காமல், வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய அலைவரிசைகளில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். பெரிய கட்டடமானால், உரக்கக் கத்தும் ஒரு பெட்டிக்குப் பதிலாக, அடக்கமாகப் பேசும் இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வைப்பதே சாலச் சிறந்தது. ஒவ்வொன்றையும் செய்தபின் மீண்டும் அளந்து, பழைய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. காற்றில் விடும் அலைக்கும் அது பொருந்தும். தோழியரே, உங்கள் வீட்டில் புதுப் பெட்டி வாங்கும் பேச்சு எழுந்தால், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அறை அறையாகச் சென்று அளந்து எழுதுங்கள். பணத்தைச் செலவிட வேண்டுமா, பெட்டியை நாலடி நகர்த்தினால் போதுமா என்பதை அத்தாளே சொல்லிவிடும்.