முன்சக்கர இழுவைக் காரில் ஸ்டெபிலைசர் பார்

வளைவில் திரும்பும்போது கார் வெளிப்பக்கமாகச் சாய்வதைக் குறைப்பதற்காக, இரண்டு முன்சக்கரங்களையும் குறுக்காக இணைக்கும் எஃகுத் தண்டுதான் ஸ்டெபிலைசர் பார். ஸ்வே பார், ஆன்ட்டி ரோல் பார் என்றும் சொல்வார்கள். கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919 ஏப்ரலில் இதற்கு முதல் காப்புரிமை பெற்றார்.

தண்டு ‘ப’ எழுத்தைப் போல வளைந்திருக்கும். அதன் நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துக்கொள்ள, இரு முனைகளும் லிங்க் ராடு வழியாகச் சக்கரப் பக்கத்து உறுப்புகளில் சேர்கின்றன. இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் வேகத்தடையில் ஏறினால் தண்டு புஷ்ஷுக்குள் சுழலுமே தவிர முறுக்கேறாது. ஒரு சக்கரம் மட்டும் மேலே போனால், ஈரத்துணியைப் பிழிவதுபோல் நடுப்பகுதி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை எதிர்க்கும் விசைதான் வண்டியைச் சாயவிடாமல் தாங்குகிறது. இந்த விறைப்பு தண்டின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் தண்டை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 22 மில்லிமீட்டர் தண்டைப் போட்டால் விறைப்பு சுமார் 46 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்கு எளிதில் புலப்படாத இரண்டு மில்லிமீட்டர் ஓட்டத்தையே மாற்றிவிடுகிறது.

அந்த மாற்றம் நல்லதாக இருந்தே தீரும் என்றில்லை. முன்சக்கர இழுவைக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. வண்டியை இழுப்பது, திருப்புவது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது எல்லாம் அந்த இரண்டு டயர்களின் வேலைதான். வளைவில் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் மொத்தப் பாரத்தை ஸ்டெபிலைசர் பார் குறைத்துவிடாது. முன் அச்சு எவ்வளவு ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்ற பங்கீட்டைத்தான் மாற்றும். முன்தண்டு தடித்தால் முன்னால் இருக்கும் வெளிப்பக்க டயரின் சுமை ஏறும். சுமை கூடும் அளவுக்குப் பிடிமானம் கூடுவதில்லை என்பதால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வளைவின் வெளிப்புறத்துக்கே நழுவப் பார்க்கும். உள்பக்கச் சக்கரத்தில் பாரம் குறைந்துபோவதால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அது வெறுமனே சுழலவும் கூடும்.

இந்தச் சிக்கலுக்குப் பந்தயக் கார்களில் தீர்வு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பொன்னேரிக்கரை வழியாக நெடுஞ்சாலையில் ஏறிச் சென்னை நோக்கிப் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத் தடம் ஒன்று இருக்கிறது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் அமைத்த தடம் அது. முன்சக்கர இழுவை கொண்ட ஃபோக்ஸ்வேகன் போலோ கார்களின் கோப்பைப் பந்தயம் 2010இல் இந்தியாவில் தொடங்கியபோது அந்தத் தடத்திலும் நடந்தது. இத்தகைய பந்தயக் கார்களில் பின்பக்க விறைப்பைக் கூட்டி, வெளிப்பக்க முன்டயரின் சுமையைக் குறைப்பதுதான் வழக்கம். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி ஓடுவது அதன் அடையாளம்.

ஆனாலும் முன்தண்டு வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. சஸ்பென்ஷன் மிகவும் மென்மையாக இருக்கும் சிறிய கார்கள் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் சேர்ந்து சரிந்து, டயரின் ஓரம் மட்டும் சாலையில் பதிகிறது. சாய்வு குறைந்தால் டயர் நிமிர்ந்து முழு அகலத்தோடு பதியும். லேன் மாறும்போது ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும். தண்டே இல்லாமல் அல்லது மெல்லிய தண்டோடு வந்த வண்டிக்கு இது உண்மையான முன்னேற்றம். ஏற்கெனவே நல்ல தண்டு உள்ள வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை புஷ்ஷும் லிங்க் ராடும்தான். குண்டும் குழியுமான சாலையில் கடகடவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் இவை தேய்ந்திருக்கும். தடித்த தண்டு வாங்க நினைப்பவர்களில் பலர், புஷ் மாற்றியதுமே அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

மாருதி 800 தனி ரகம். 1983 டிசம்பரில் வந்த அந்தக் காரின் ஸ்டெபிலைசர் பார், சாய்வைக் குறைப்பதோடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருக்கும் வேலையையும் செய்கிறது. தண்டின் முனை ஆர்முக்குள் நுழைந்து, ரப்பர் புஷ், வாஷர், பின் குத்திய நட்டு ஆகியவற்றோடு முடியும். அந்த புஷ் நைந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தண்டைக் கழற்றிய நிலையில் அந்தக் காரைத் தள்ளக்கூடக் கூடாது; சக்கரத்தை முன்பின் நகராமல் நிறுத்த வேறு பிடிப்பு கிடையாது.

பொருத்தும் வேலையில் மிகவும் முக்கியமானது, இரண்டு முன்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருப்பது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் தண்டு முறுக்கேறி நிற்கும். லிங்க் ராட்டின் நட்டைக் கழற்றியதும் அது விசையோடு தெறித்து விரலைப் பதம் பார்த்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும். லிங்க் ராட்டின் நட்டைத் திருகும்போது அதன் நடுத்தண்டும் கூடவே சுற்றும். அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே எண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது.

பல கார்களில் தண்டு எஞ்சினுக்குப் பின்னால், ஸ்டியரிங் பாக்ஸை ஒட்டிப் போகிறது. அதை வெளியே எடுக்க, எஞ்சினுக்கு முட்டுக்கொடுத்து அடிச்சட்டத்தைச் சற்று இறக்க வேண்டியிருக்கும். அடிச்சட்டத்தின் பழைய இடத்தையும் ஸ்டியரிங் இணைப்பையும் பெயின்ட்டால் குறித்துவைக்காவிட்டால் பிறகு ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

புதிய தண்டு தடித்ததென்றால் அதன் விட்டத்துக்கேற்ற புஷ்ஷும் வேண்டும். சாதாரண ரப்பரில் கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பி வீணாகும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குச் சிலிக்கான் கிரீஸ் போட வேண்டும். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கரங்கள் பாரம் ஏற்ற பிறகே, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். அதன்பின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர், பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் எதிலாவது தண்டு உரசுகிறதா என்று பார்ப்பது அவசியம். அடிச்சட்டத்தை இறக்கியிருந்தாலும், மாருதி 800 போன்ற அமைப்பானாலும் வீல் அலைன்மென்ட் செய்தாக வேண்டும்.

முதல் ஓட்டத்தை மெதுவாக, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் செய்து பார்க்க வேண்டும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சி முன்பைவிட அதிகமாக உள்ளே வருவது தடித்த தண்டின் இயல்பு. ‘டக்’ என்ற உலோகச் சத்தம் வந்தால் ஏதோ ஒரு நட்டு இறுகாமல் இருக்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.